நள்ளிரவில் காது வலித்தால்: வாசகர் கேள்விகளுக்கு மதுரை மருத்துவரின் பதில்கள்

ஐப்பசி பிறந்து மழை பிடித்துவிட்டால் மதுரையில் காது மூக்கு தொண்டை மருத்துவர்களின் வாசலில் செருப்பு விட இடம் இருக்காது. பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளைக்குச் சளி பிடித்தால் வகுப்பு முழுக்கப் பரவுகிறது. அதில் சில பிள்ளைகளுக்கு அது காதுவரை போகிறது. இந்த மாதம் வந்த கடிதங்களும் பெரும்பாலும் காது வலியைப் பற்றியவைதான். முதல் கடிதத்துக்கு நீளமாகவே பதில் எழுதியிருக்கிறேன். அந்தத் தாய் கேட்டிருப்பதை இந்த ஊரில் பிள்ளை வளர்க்கும் எல்லோரும் ஏதாவது ஒரு ராத்திரியில் கேட்டிருப்பார்கள்.

என் மகனுக்கு நான்கு வயது. இரண்டு மூன்று நாட்களாகச் சளி இருந்தது. போன வாரம் நள்ளிரவில் காதைப் பிடித்துக்கொண்டு அலறி எழுந்தான். என் மாமியார் நல்லெண்ணெயில் பூண்டு தட்டிப் போட்டுக் காய்ச்சி, ஆறவைத்து, காதில் இரண்டு சொட்டு விட்டார். அதற்குப் பிறகும் அழுதுகொண்டே இருந்தான். விடியப்போகும் நேரத்தில் திடீரென்று அழுகை நின்று தூங்கிவிட்டான். காலையில் பார்த்தால் தலையணையில் மஞ்சளாகச் சீழும் கொஞ்சம் ரத்தமும் இருந்தன. காதுச் சவ்வு கிழிந்திருக்கிறது என்று சொல்லி டாக்டர் ஆன்டிபயாடிக் எழுதிக் கொடுத்தார். எண்ணெய் விட்டதால்தான் சீழ் வெளியே வந்து வலி நின்றது என்கிறார் மாமியார். எண்ணெய் விட்டதால்தான் சவ்வு கிழிந்தது என்கிறார் என் கணவர். எது சரி? பிள்ளைக்குக் காது கேட்காமல் போய்விடுமா? வலி நின்ற பிறகும் மருந்து கொடுக்க வேண்டுமா?
ஒரு வாசகி, மேலூர்

முதலில் உங்கள் பயத்துக்குப் பதில் சொல்கிறேன் அம்மா. இப்படிக் கிழிகிற சவ்வு பெரும்பாலான பிள்ளைகளுக்குச் சில வாரங்களில் தானாகவே மூடிவிடும். கேட்கும் திறனும் பழையபடி திரும்பிவிடும். ஆறு வாரம் கழித்து ஒரு முறை காதைக் காட்டி, துளை மூடிவிட்டதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். மூன்று மாதம் ஆகியும் மூடாவிட்டால்தான் மேற்கொண்டு யோசிக்க வேண்டும்.

எண்ணெய் சீழை வெளியே கொண்டுவரவும் இல்லை, சவ்வைக் கிழிக்கவும் இல்லை. நடந்தது வேறு. சவ்வுக்குப் பின்னால் நடுச்செவி என்று காற்று நிரம்பிய சிறிய அறை இருக்கிறது. அந்த அறையிலிருந்து மெல்லிய குழாய் ஒன்று மூக்கின் பின்பக்கத்துக்குப் போகிறது. யூஸ்டேஷியன் குழாய் என்பார்கள். எச்சில் விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும் அது திறந்து அறைக்குள் காற்றை அனுப்பும். பெரியவர்களுக்கு இந்தக் குழாய் நீளமாக, சாய்வாக இறங்கும். சின்னப் பிள்ளைகளுக்கோ குட்டையாக, ஏறத்தாழப் படுக்கைவாட்டில் இருக்கும். சளி பிடித்து மூக்கின் உட்பகுதி வீங்கினால் குழாய் அடைத்துக்கொள்கிறது. அறைக்குள் நீர் கோக்கிறது. மூக்கிலிருந்து வந்த கிருமி அதில் பெருகி நீர் சீழாகிறது. வெளியேற வழியில்லாத சீழ் சவ்வை உள்ளிருந்து தள்ளுகிறது. சவ்வு ஒரு சென்டிமீட்டர் அகலம்தான் இருக்கும், ஆனால் நரம்பு நிறைந்தது. அது புடைத்து விறைக்கும்போது வரும் வலி எத்தகையது என்பது உங்கள் மகனின் அலறலிலேயே தெரிந்திருக்கும்.

ராத்திரியில் அந்த வலி கூடுவதற்கும் காரணம் உண்டு. படுத்ததும் மூக்கும் குழாயும் இன்னும் கொஞ்சம் வீங்குகின்றன. தூக்கத்தில் எச்சில் விழுங்குவது குறைவதால் குழாய் திறப்பதும் அரிதாகிவிடுகிறது. விடியும் நேரத்தில் அழுத்தம் தாங்காமல் சவ்வில் சிறிய துளை விழுந்திருக்கிறது. சீழ் வடிந்தது, அழுத்தம் குறைந்தது, வலி நின்றது. எண்ணெய் சவ்வுக்கு இந்தப் பக்கம் இருந்தது, நோய் அந்தப் பக்கம் இருந்தது.

உங்கள் மாமியார்மீது யாரும் கோபப்பட வேண்டாம். பேரன் அலறும்போது சும்மா இருக்க மனம் வராமல் நள்ளிரவில் அடுப்பைப் பற்றவைத்தவர் அவர். அவரிடம் நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: அடுத்த முறை எண்ணெய்க் கரண்டிக்குப் பதிலாகப் பாரசிட்டமால் சிரப்பை எடுங்கள். காது வலிக்கு முதல் மருந்து வாய் வழியாகத்தான் போக வேண்டும். பிள்ளையின் எடைக்கு ஏற்ற அளவில் கொடுத்தால் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் வலி தணியத் தொடங்கும். அளவைப் பற்றி அடுத்த கேள்வியில் விரிவாகச் சொல்லியிருக்கிறேன்.

மருந்து வேலை செய்யும்வரை பிள்ளையை உட்காரவைத்து உங்கள்மீது சாய்த்துக்கொள்ளுங்கள். கைக்குழந்தையாக இருந்தால் தோளில் நிமிர்த்திப் போட்டுக்கொள்ளலாம். தலையணை வைத்துப் படுக்கவைக்கக் கூடாது. வெதுவெதுப்பான தண்ணீரோ பாலோ கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கக் கொடுங்கள். விழுங்க விழுங்கக் குழாய் திறக்கும். மாமியாருக்குக் கை சும்மா இருக்க முடியாது என்றால் உப்பு ஒத்தடம் கொடுக்கட்டும். கல் உப்பை லேசாக வறுத்துத் துணியில் முடிந்து, தன் மணிக்கட்டின் உட்புறத்தில் வைத்துச் சூடு பார்த்துவிட்டு, காதுக்கு வெளியே பத்து நிமிடம் வைத்து எடுக்கலாம். பிள்ளை தூங்கிவிட்டால் ஒத்தடத்தை எடுத்துவிட வேண்டும். தூங்கும் பிள்ளை சுடுகிறது என்று சொல்லாது.

காதுக்குள் மட்டும் எதையும் விடாதீர்கள். எண்ணெய், வெங்காயச் சாறு, பூண்டுச் சாறு, தாய்ப்பால், பச்சிலைச் சாறு எதுவும் வேண்டாம். எண்ணெயின் சூடு விரலுக்குத் தாங்குவதாக இருந்தாலும் காதின் உள்தோலுக்குத் தாங்காமல் போகலாம். சவ்வில் ஏற்கெனவே துளை இருந்தால் விட்டதெல்லாம் நடுச்செவிக்குள் இறங்கிவிடும். மறுநாள் மருத்துவர் விளக்கு வைத்துப் பார்க்கும்போது எண்ணெயும் பூண்டுச் சக்கையும்தான் தெரியும். சவ்வு சிவந்திருக்கிறதா, புடைத்திருக்கிறதா, கிழிந்திருக்கிறதா என்று தெரியாது. மருந்தைத் தீர்மானிப்பதே அதை வைத்துத்தான்.

இனி ஆன்டிபயாடிக். அது கிருமிக்கான மருந்து, வலிக்கான மருந்து அல்ல. முதல் ஒரு நாளில் வலியை அது பெரிதாகக் குறைக்காது. இதைத் தெரிந்துகொள்ளாமல், ஆன்டிபயாடிக் தொடங்கியாகிவிட்டதே என்று வலி மருந்தை நிறுத்திவிட்டு, பிள்ளை அழுவதைப் பார்த்து மருந்து சேரவில்லை என்று வேறு டாக்டரிடம் ஓடுகிறவர்கள் நிறையப் பேர். இரண்டையும் சேர்த்துக் கொடுக்கலாம், கொடுக்க வேண்டும். காது வலி வந்த எல்லாப் பிள்ளைக்கும் ஆன்டிபயாடிக் தேவையும் இல்லை. இரண்டு வயதுக்கு மேல், ஒரு காதில் மட்டும், வலியும் காய்ச்சலும் அதிகமில்லை என்றால், வலி மருந்து மட்டும் கொடுத்து இரண்டு மூன்று நாள் பொறுத்துப் பார்க்கச் சொல்வோம். பெரும்பாலும் தானாகவே அடங்கிவிடும். ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தை, இரண்டு வயதுக்குள் இரண்டு காதிலும் தொற்று, 102 டிகிரிக்கு மேல் காய்ச்சல், சீழ் வடிதல் என்றால் காத்திருக்க மாட்டோம். உங்கள் மகனுக்குச் சீழ் வடிந்திருப்பதால் உங்கள் டாக்டர் எழுதியது சரி. வலி நின்றாலும் அவர் சொன்ன நாள்வரை விடாமல் கொடுங்கள்.

துளை மூடும்வரை காதுக்குள் தண்ணீர் போகக் கூடாது. குளிப்பாட்டும்போது பஞ்சில் வாசலின் தடவிக் காது வாசலில் வைத்து, குளித்ததும் எடுத்துவிடுங்கள். நாள் முழுக்கப் பஞ்சை அடைத்து வைத்தால் சீழ் உள்ளேயே தங்கிவிடும். வடிகிற சீழைத் துடைக்கச் சுத்தமான பருத்தித் துணியைத் திரி போல முறுக்கிக் காது வாசலில் வையுங்கள். நனைந்ததும் எடுத்துப் போட்டுவிட்டு வேறு திரி வையுங்கள். ஒரு நாளைக்கு மூன்று முறை போதும். குச்சி வேண்டாம், பட்ஸும் வேண்டாம்.

தொற்று ஆறிய பிறகும் சில வாரங்களுக்கு நடுச்செவியில் நீர் தங்கி, காது கொஞ்சம் மந்தமாக இருக்கக்கூடும். கூப்பிட்டால் திரும்பவில்லை, டி.வி. சத்தத்தைக் கூட்டுகிறான் என்றால் பிடிவாதம் என்று அடித்துவிடாதீர்கள். பள்ளிக்கூடத்தில் டீச்சரிடம் சொல்லி முன்வரிசையில் உட்காரவையுங்கள். மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால் கேட்கும் திறனைப் பரிசோதிக்க வேண்டும்.

காதுக்குப் பின்னால் உள்ள எலும்பின்மேல் வீங்கிச் சிவந்து காது மடல் முன்னால் தள்ளிக்கொண்டு நின்றால், கழுத்து விறைத்தால், வாந்தியோடு சோர்ந்து படுத்துவிட்டால், முகம் ஒரு பக்கம் கோணினால், நடை தள்ளாடினால் விடியட்டும் என்று இருக்காதீர்கள். 108-ஐ அழையுங்கள்.

வீட்டில் இரண்டு பாரசிட்டமால் பாட்டில்கள் இருக்கின்றன. ஒன்று சிறியது, சொட்டு மருந்து. இன்னொன்று பெரிய சிரப். என் மகளுக்கு இரண்டு வயது, 12 கிலோ. காது வலி வந்தால் எதை, எவ்வளவு கொடுப்பது? இந்த வருடத்தில் இது அவளுக்கு மூன்றாவது முறை. ஏன் திரும்பத் திரும்ப வருகிறது?
ஒரு வாசகர், வில்லாபுரம்

இந்தக் கேள்வியைக் கேட்டதற்கு உங்களுக்கு நன்றி. இதைக் கேட்காமல் கொடுத்துவிடுகிறவர்கள்தான் அதிகம்.

பிள்ளைகளுக்குப் பாரசிட்டமால் ஒரு கிலோ எடைக்கு 15 மில்லிகிராம். உங்கள் மகளுக்கு ஒரு வேளைக்கு 180 மில்லிகிராம். இனி பாட்டிலைக் கையில் எடுத்து லேபிளைப் படியுங்கள். சிரப்பில் 5 மில்லியில் 120 மில்லிகிராம் என்று போட்டிருந்தால் அவளுக்கு 7.5 மில்லி. 5 மில்லியில் 250 மில்லிகிராம் என்று இருந்தால் 3.6 மில்லி. சொட்டு மருந்தில் பெரும்பாலும் 1 மில்லியிலேயே 100 மில்லிகிராம் இருக்கும், ஆகவே 1.8 மில்லி. மூன்றும் ஒரே மருந்து, ஒரே அளவு. பாட்டில்தான் வேறு. சிரப் என்று நினைத்துச் சொட்டு மருந்தில் 7.5 மில்லி ஊற்றிவிட்டால் பிள்ளைக்கு நான்கு மடங்குக்கும் மேல் போய்விடும். பாரசிட்டமால் அளவு மீறினால் ஈரல் கெடும். அதனால் இன்றைக்கே இரண்டு பாட்டிலில் ஒன்றை வீட்டிலிருந்து அப்புறப்படுத்துங்கள். மற்றதன்மேல் உங்கள் மகளின் பெயரையும் அவளுக்கான மில்லி அளவையும் பேனாவால் எழுதி ஒட்டுங்கள். அவள் எடை கூடும்போது மாற்றி எழுதுங்கள். சமையலறை ஸ்பூனால் அளக்காதீர்கள், அளவுக் கோடு போட்ட மூடியோ சிரிஞ்சோ வேண்டும்.

ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை, ஒரு நாளைக்கு நான்கு முறைக்கு மேல் வேண்டாம். வலி கடுமையாக இருக்கும் முதல் நாள், அழுகிறாளா என்று பார்த்துப் பார்த்துக் கொடுப்பதைவிட நேரம் வைத்துக் கொடுப்பது நல்லது, முக்கியமாகப் படுக்கப்போகும் முன்பு. கடையில் வாங்கும் சளி சிரப்பிலும் பாரசிட்டமால் கலந்திருக்கலாம். லேபிளைப் பாருங்கள், இரண்டையும் சேர்த்துக் கொடுத்துவிட வேண்டாம். ஐபுபுரூஃபனும் காது வலிக்கு நன்றாகக் கேட்கும். ஆனால் மழைக் காலத்தில் டெங்கு நடமாட்டம் இருக்கும்போது, காய்ச்சலோடு இருக்கும் பிள்ளைக்கு மருத்துவர் பார்க்காமல் அதைக் கொடுக்காதீர்கள். ரத்தக் கசிவைக் கூட்டிவிடும். மெஃபனமிக் அமிலம் என்ற வலி மருந்துக்கும் இதே எச்சரிக்கைதான். ஆஸ்பிரின் பிள்ளைகளுக்கு அறவே கூடாது.

மூன்று முறை வந்ததற்கு வயதே பாதிக் காரணம். குழாய் நீண்டு சாய்வாக வளர வளர இது குறையும். மீதியை நீங்கள் பார்க்கலாம். படுத்தபடி பாட்டிலில் பால் குடிக்கும் பழக்கம் இன்னும் இருந்தால் நிறுத்துங்கள், பால் அந்தக் குழாய் வழியாக ஏறும். வீட்டுக்குள் யாரும் பீடி, சிகரெட் பிடிக்கக் கூடாது, வாசலில் நின்று பிடித்துவிட்டு வந்து பிள்ளையைத் தூக்கினாலும் புகை சட்டையில் இருக்கிறது. தடுப்பூசி அட்டையை எடுத்து நியூமோகாக்கல் ஊசி மூன்று தவணையும் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஆறாவது வாரம், பதினான்காவது வாரம், ஒன்பதாவது மாதம் என்று அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசமாகவே போடுகிறார்கள். நடுச்செவித் தொற்றை உண்டாக்கும் முக்கியமான கிருமி ஒன்றை அது தடுக்கும். ஆறு மாதத்துக்குள் மூன்று முறையோ ஒரு வருடத்தில் நான்கு முறையோ வந்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டியாக வேண்டும்.

நான் கல்லூரியில் படிக்கிறேன். மழைக்குப் பிறகு எங்கள் தோட்டத்துக் கிணறு நிறைந்து கிடக்கிறது, தினமும் நீந்துகிறோம். காதுக்குள் தண்ணீர் நின்றதால் பட்ஸால் துடைத்தேன். இப்போது காதைத் தொட்டாலே உயிர் போகிறது. சாப்பிட வாயைத் திறந்தாலும் வலிக்கிறது. சளி, காய்ச்சல் எதுவும் இல்லை.
ஒரு வாசகர், சோழவந்தான்

தம்பி, காது துளைக்கு முன்னால் சின்னதாக ஒரு மேடு இருக்கிறதே, அதை விரலால் அழுத்திப் பாருங்கள். துடிதுடித்தால் உங்கள் நோய் சவ்வுக்கு வெளியே, காதுக் குழலின் தோலில் இருக்கிறது. மேலூர்ப் பிள்ளைக்கு வந்தது நடுச்செவியில். அங்கே மடலை இழுத்தால் பெரும்பாலும் வலி கூடாது.

காதுக் குரும்பியை அழுக்கு என்று நினைக்கிறோம். அது காதின் பாதுகாப்புப் பூச்சு. லேசான புளிப்புத் தன்மை உள்ளது, ஈரத்தைத் தோலுக்குள் விடாது, கிருமியை அண்டவிடாது. தினமும் கிணற்றில் ஊறினால் அது கரைகிறது. பட்ஸ் மிச்சத்தைச் சுரண்டி, தோலையும் கீறிவிடுகிறது. கிணற்று நீரில் இருக்கும் கிருமிக்கு அதற்குமேல் என்ன வேண்டும்? தோலுக்கும் எலும்புக்கும் இடையில் அங்கே சதைப்பற்று இல்லை. கொஞ்சம் வீங்கினாலும் வலி தாங்காது.

இந்த நோய்க்கு ஆன்டிபயாடிக் மாத்திரையைவிடக் காதுச் சொட்டு மருந்துதான் வேலை செய்யும். ஆனால் மருத்துவர் உள்ளே பார்த்து, கசடைச் சுத்தம் செய்து, சவ்வு முழுசாக இருக்கிறதா என்று உறுதி செய்த பிறகுதான். ஜென்டாமைசின், நியோமைசின் கலந்த சொட்டு மருந்துகள் சவ்வில் துளை உள்ள காதுக்குள் போனால் கேட்கும் நரம்பையே பாதிக்கலாம். மருந்துக் கடையில் நீங்களாகக் கேட்டு வாங்காதீர்கள் என்று நான் மன்றாடுவது இதற்காகத்தான். குழல் வீங்கி அடைத்திருந்தால் மருந்தில் நனைத்த திரியை உள்ளே வைத்து, இரண்டு நாளில் எடுப்பார்கள்.

சொட்டு விடுவதற்கும் முறை இருக்கிறது. பாட்டிலை இரண்டு மூன்று நிமிடம் உள்ளங்கையில் பொத்தி வைத்திருங்கள், குளிர்ந்த மருந்து காதில் விழுந்தால் தலை சுற்றும். ஒருக்களித்துப் படுத்து, மடலை மேலும் பின்னுமாக இழுத்துப் பிடித்து, சொட்டு விட்டதும் முன்மேட்டை மெல்ல நாலைந்து தடவை அழுத்தி விடுங்கள். ஐந்து நிமிடம் அப்படியே படுத்திருங்கள். வலிக்குப் பாரசிட்டமால் 650 மில்லிகிராம் மாத்திரை, ஆறு மணி நேரத்துக்கு ஒன்று போட்டுக்கொள்ளலாம். இரண்டு மூன்று நாளில் வலி நன்றாகக் குறையும். காது முழுதாக ஆறி மருத்துவர் சரி என்று சொல்லும்வரை கிணற்றுப் பக்கம் போகாதீர்கள். பிறகு நீந்தினாலும் கரையேறியதும் தலையை அந்தப் பக்கம் சாய்த்து, மடலை இழுத்துவிட்டு, துண்டின் நுனியால் வெளியில் மட்டும் துடைத்தால் போதும்.

வலியைவிட அரிப்புதான் அதிகம், உள்ளே நனைந்த செய்தித்தாள்போல வெள்ளையும் கறுப்புமாகப் படிந்திருக்கிறது என்றால் அது பூஞ்சை. சனிக்கிழமை எண்ணெய்க் குளியலில் காதுக்கும் இரண்டு சொட்டு விடும் வழக்கமுள்ள வீடுகளில் இதை அதிகம் பார்க்கிறேன். பூஞ்சைக்கு மருந்து வேறு. ஆன்டிபயாடிக் சொட்டு விட்டால் அது இன்னும் செழிக்கும்.

என் அப்பாவுக்கு 68 வயது, பல வருடங்களாகச் சர்க்கரை நோய். ஒரு மாதமாகக் காது வலி. ராத்திரியில் தூங்க முடியாமல் எழுந்து உட்கார்ந்துகொள்கிறார். மருந்துக் கடையில் வாங்கிய சொட்டு மருந்து கேட்கவில்லை. இரண்டு நாட்களாக வாய் ஒரு பக்கம் கோணுகிறது.
ஒரு வாசகர், உசிலம்பட்டி

இந்தக் கடிதம் அச்சில் வரும்வரை காத்திருக்க முடியாது என்பதால் இவருக்கு அன்றைக்கே பதில் அனுப்பினேன். மற்றவர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

சர்க்கரை நோய் உள்ள பெரியவர்களுக்குச் சாதாரண வெளிச்செவித் தொற்று சில சமயம் தோலோடு நிற்காது. அடியில் உள்ள மண்டை ஓட்டு எலும்புக்குள் இறங்கிவிடும். வெளியில் பார்த்தால் பெரிதாக ஒன்றும் தெரியாது. வலி மட்டும் காட்சிக்குப் பொருந்தாத அளவுக்கு இருக்கும், ராத்திரியில் கொல்லும், சாதாரண வலி மாத்திரைக்கு அடங்காது. எலும்பு வழியாகப் போகும் முக நரம்பைத் தொற்று பிடித்தால் வாய் கோணும், கண் மூடாது. அதைப் பக்கவாதம் என்று நினைத்து வேறு திசையில் அலைகிறவர்களும் உண்டு. இரண்டும் அவசரம்தான், எதுவானாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். போனதும் காது வலியைப் பற்றியும் சர்க்கரையைப் பற்றியும் மறக்காமல் சொல்ல வேண்டும்.

இதைக் குணப்படுத்த முடியும். ஸ்கேன் எடுத்து, சீழைச் சோதித்து, வாரக்கணக்கில் ஆன்டிபயாடிக் கொடுக்க வேண்டியிருக்கும். சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவராமல் எந்த மருந்தும் கேட்காது. கோரிப்பாளையத்தில் நம் பெரியாஸ்பத்திரியில், அரசு இராசாசி மருத்துவமனையில், இதற்கு எல்லா வசதியும் இருக்கிறது. சர்க்கரை உள்ளவருக்குக் காது வலி ஒரு வாரம் தாண்டினால், வாய் கோணும்வரை பார்த்துக்கொண்டிருக்காதீர்கள்.

அம்மாவுக்கு இரண்டு மாதமாக இடது காதில் வலி. இரண்டு டாக்டர்கள் பார்த்துவிட்டுக் காது சுத்தமாக இருக்கிறது என்கிறார்கள். வெற்றிலையோடு புகையிலை போடும் பழக்கம் உண்டு. இல்லாத வலியை இருப்பதாகச் சொல்கிறாரோ என்று வீட்டில் பேசுகிறார்கள்.
ஒரு வாசகி, திருமங்கலம்

உங்கள் அம்மா பொய் சொல்லவில்லை. வலி உண்மை, அது பிறக்கும் இடம்தான் வேறாக இருக்கலாம். பல்லுக்கும் தாடை மூட்டுக்கும் நாக்குக்கும் தொண்டைக்கும் உணர்வு தரும் நரம்புகளின் கிளைகள் காதுக்கும் வருகின்றன. அங்கே நோவு வந்தால் காதில் வலிப்பதுபோலவே தெரியும். சொத்தைப் பல், தாடை மூட்டுத் தேய்மானம், டான்சில் புண் இவையெல்லாம் காது வலியாக வரும்.

ஆனால் புகையிலை போடுகிறவருக்கு, ஒரே பக்கக் காதில், காது நன்றாக இருந்தும் வாரக்கணக்கில் வலி என்றால் நாக்கின் அடிப்பகுதியையும் தொண்டையையும் பார்க்காமல் விடக் கூடாது. புற்றுநோய் சில சமயம் அங்கே ஒளிந்துகொண்டு காது வலியை மட்டும் முன்னே அனுப்பும். அப்படித்தான் என்று நான் சொல்லவில்லை அம்மா. இல்லை என்று உறுதி செய்யும்வரை தூங்கக் கூடாது என்கிறேன். மூக்கு வழியாக மெல்லிய குழாய்க் கேமராவை விட்டுத் தொண்டையைப் பார்க்கும் சோதனைக்குச் சில நிமிடம் போதும். ஆறாத வாய்ப்புண், விழுங்கும்போது சிக்கல், குரல் கம்மல், கழுத்தில் கட்டி ஏதாவது இருக்கிறதா என்று இன்றைக்கே அவரிடம் கேளுங்கள். புகையிலையை இன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள். ஆரம்பத்தில் கண்டுபிடித்தால் குணமாகும் வாய்ப்பு மிக அதிகம்.

என் பேத்தி ஒன்பதாம் வகுப்புப் படிக்கிறாள். சின்ன வயதிலிருந்தே ஒரு காதில் சீழ் வடிகிறது, நாற்றமும் இருக்கிறது. வலி இல்லாததால் விட்டுவிட்டோம். வயதானால் நின்றுவிடும் என்கிறார்கள்.
ஒரு வாசகி, வாடிப்பட்டி

நிற்காது. வலி இல்லாமல் வருடக்கணக்கில் நாற்றத்தோடு வடிகிற காதுதான் எனக்கு அதிகக் கவலை தருகிறது. நடுச்செவிக்குள் தோல் வளர்ந்து, காதின் குட்டி எலும்புகளையும் சுற்றியுள்ள எலும்பையும் சிறிது சிறிதாக அரிக்கும் நோயாக அது இருக்கலாம். விட்டுவிட்டால் மூளைக்கும் பரவக்கூடும். சொட்டு மருந்தால் தீராது, அறுவை சிகிச்சை தேவைப்படும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால் எடுத்துக்கொண்டு போய், மருத்துவமனையில் உள்ள அந்தத் திட்டத்தின் பிரிவில் கேளுங்கள். பத்தாம் வகுப்புப் பரீட்சை முடியட்டும் என்று தள்ளிப்போடாதீர்கள். வகுப்பில் பாதிப் பாடம் அவளுக்குக் கேட்காமல் போயிருக்கலாம் என்பதையும் நினைத்துப் பாருங்கள்.

கொடைக்கானலுக்குப் போய்விட்டு இறங்கும்போது பிள்ளைகள் காது வலி என்று அழுகிறார்கள். தொற்றா?
ஒரு வாசகர், அனுப்பானடி

பெரும்பாலும் தொற்று இல்லை. கொடைக்கானல் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வத்தலக்குண்டு நோக்கி வேகமாக இறங்கும்போது வெளிக்காற்றின் அழுத்தம் கூடுகிறது, சவ்வு உள்நோக்கி இழுபடுகிறது. யூஸ்டேஷியன் குழாய் திறந்து சமன் செய்ய வேண்டும். சளி இருந்தால் அது திறக்காது. இறங்கத் தொடங்கும்போதே பிள்ளைகளை எழுப்பிவிட்டு, தண்ணீரோ மிட்டாயோ கொடுத்து விழுங்கவையுங்கள். கைக்குழந்தைக்குப் பால் கொடுங்கள். வழியில் இரண்டு இடத்தில் வண்டியை நிறுத்துங்கள். நல்ல சளி பிடித்திருக்கும் பிள்ளையை அழைத்துப் போகாமல் பயணத்தைத் தள்ளிவைப்பது இன்னும் நல்லது. ஊர் திரும்பி ஒரு நாள் கழித்தும் வலி இருந்தாலோ காய்ச்சல் வந்தாலோ காட்டுங்கள்.

போன வருடம் வாங்கிய காதுச் சொட்டு மருந்து பாதி மீதம் இருக்கிறது. காலாவதித் தேதி இன்னும் முடியவில்லை. மறுபடி விடலாமா?
ஒரு வாசகி, செல்லூர்

வேண்டாம். அந்தத் தேதி திறக்காத பாட்டிலுக்கு. திறந்து ஒரு மாதம் ஆகிவிட்டால் கொட்டிவிடுங்கள். அடுத்த முறை வாங்கும்போது மூடியைத் திறக்கும் நாளை பாட்டிலின்மேல் எழுதிவையுங்கள், வீட்டில் ஒருவருக்கு எழுதிக் கொடுத்ததை இன்னொருவர் காதில் விடாதீர்கள்.